மலை இறங்கும் முன்: வெளிநாடு போகிறவர்களுக்குக் கையிருப்பு, கார்டு, நாணய மாற்று பற்றிய முழு வழிகாட்டி

குன்னூர் பெட்போர்டு பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் விண்ணப்பம், விமான டிக்கெட் எல்லாம் ஒரே மேஜைதான். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிற படுகர் வீட்டுப் பெரியவர்கள் வருவார்கள். கூடலூர், பந்தலூரிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் வருவார்கள். பிறகு எங்கள் ஆட்கள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகள். எங்களுக்கு அட்டனிலும் பதுளையிலும் இன்னும் சித்தப்பா, மாமா என்று உறவு இருக்கிறது.

டிக்கெட், பெட்டி எடை, ஜன்னல் சீட் எல்லாவற்றையும் உட்கார்ந்து நிதானமாகக் கேட்பார்கள். பணத்தைப் பற்றி மட்டும் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். "தம்பி, இந்த ஐந்நூறு ரூபா நோட்டு அங்க ஓடுமா?" அந்த வாசல் கேள்விகளுக்கு இதுவரை சொன்ன பதில்களைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. கிலோவுக்கு இத்தனை என்று பேசுகிற விலை ஒன்று. ஈரம், முற்றல் என்று கழிவு பிடித்தபின் கைக்கு வருகிற காசு வேறொன்று. நாணய மாற்றும் அப்படித்தான். "கமிஷன் கிடையாது" என்று பலகை வைத்த இடத்தில் ரேட்டிலேயே கமிஷன் ஒளிந்திருக்கும். "நல்ல ரேட்" என்று சொல்லும் இடத்தில் தனிக் கட்டணம் இருக்கும். ஆகவே எங்கே போனாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "எல்லாம் சேர்த்து நான் எத்தனை ரூபாய் தரணும், என் கைக்கு எத்தனை டாலர் வரும்?" இணையத்தில் தேடினால் காட்டுகிற ரேட் நடு விலை, அந்த விலைக்கு யாரும் விற்க மாட்டார்கள். அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் அது.

படி 1: ஒரு மாதம் முன்பே கார்டுகளை மேஜையில் பரப்புங்கள்

வீட்டில் இருக்கும் எல்லாக் கார்டுகளையும் எடுத்து வைத்துப் பாருங்கள். விசா, மாஸ்டர்கார்டு என்று போட்டிருந்தால் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஓடும். ரூபே கார்டு என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். ரூபேயில் பன்னாட்டு வகை தனியாக இருக்கிறது. அது டிஸ்கவர், டைனர்ஸ் வலையமைப்பு வழியாக வெளிநாட்டில் வேலை செய்யும். ஜன் தன் கணக்குக்கும் பல கூட்டுறவு வங்கிக் கணக்குகளுக்கும் கொடுக்கும் சாதாரண ரூபே கார்டு உள்நாட்டோடு சரி. அதை நம்பி யாரும் விமானம் ஏற வேண்டாம்.

கார்டு சரியானதாக இருந்தால் மட்டும் போதாது. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.முக்கும் கடை இயந்திரத்துக்கும் மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் வங்கி ஆப்பிலோ கிளையிலோ திறக்க வேண்டும். அதிலும் ஏ.டி.எம்., கடை, ஆன்லைன் என்று தனித்தனிச் சுவிட்சுகள். மூன்றையும் ஒரேயடியாகத் திறக்காதீர்கள். கடையையும் ஏ.டி.எம்.மையும் திறந்து, உச்சவரம்பைக் குறைவாக வையுங்கள். ஆன்லைனை மூடியே வைத்திருங்கள். நம் நாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்கும், வெளிநாட்டுத் தளங்கள் பல கேட்பதில்லை, கார்டு எண் தெரிந்தாலே பணம் போய்விடும்.

இதையெல்லாம் மலையில் இருக்கும்போதே ஏன் செய்யச் சொல்கிறேன்? 2019-இல் நான் முதன்முறை அட்டன் போனபோது, இந்தச் சுவிட்சு விதி வரும் முன்பே, என் வங்கிக் கார்டு கொழும்பில் வேலை செய்யவில்லை. திறக்க ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. வர ரோமிங் வேண்டும். ரோமிங் போட வாடிக்கையாளர் மையத்துக்குப் பேச வேண்டும், பேச சிம் ஓட வேண்டும். ஒன்றின் சாவி இன்னொன்றின் உள்ளே. மாமா தந்த இலங்கை ரூபாயில்தான் மூன்று நாள் ஓடியது. மானம் போனதுதான் மிச்சம். ஆக கார்டோடு சேர்த்து சிம்முக்கும் ரோமிங் போட்டுவிட வேண்டும். பேசவோ இணையம் பார்க்கவோ அங்கே வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம். நம் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்தால் போதும். வங்கியில் மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. அனுப்பும் வசதி இருந்தால் அதையும் பதிந்துவிடுங்கள்.

படி 2: கார்டுக்கு உண்மையில் என்ன பிடிக்கிறார்கள்

சாதாரண கிரெடிட், டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதாவது செலவுத் தொகைக்கு மேல் வங்கி கூட்டிப் பிடிக்கும் கட்டணம், இருக்கும். அந்த மார்க்கப்புக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்தால் 4.13 சதவீதம். ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 1,000 டாலர் செலவுக்கு 70,000 ரூபாயோடு 2,450 ரூபாய் மார்க்கப், 441 ரூபாய் வரி. மொத்தம் 2,891 ரூபாய் கூடுதல். மார்க்கப் 2 சதவீதம் உள்ள கார்டுகளும் உண்டு, ஒன்றுமே பிடிக்காத கார்டுகளும் உண்டு. உங்கள் கார்டு எந்த வகை என்பது கட்டண அட்டவணையில் இருக்கும். மகன், மகள் வீட்டுக்கு வருடம் ஒருமுறை போகிறவர்கள் மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது லாபம்.

கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் நுழைக்காதீர்கள். பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதற்கு டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோதான்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் கார்டு. ஏற்றுகிற அன்றைய ரேட் அப்படியே நின்றுவிடும். பிறகு ரூபாய் இறங்கினாலும் நமக்குக் கவலையில்லை. ஏறினாலும் லாபமில்லை. தொலைந்தால் முடக்கலாம், வங்கிக் கணக்கோடு நேரடித் தொடர்பும் கிடையாது. அதனால் வயதானவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். மூன்று இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. சிங்கப்பூர் டாலர் ஏற்றிய கார்டை மலேசியாவில் தேய்த்தால் நாணயம் மாற்றும் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. ஹோட்டல் அட்வான்ஸுக்கும் வாடகைக் கார் டெபாசிட்டுக்கும் இந்தக் கார்டைக் கொடுத்தால், அவர்கள் பிடித்துவைக்கும் தொகை பல நாள் திரும்பாது. அந்த நாட்களில் கார்டில் பணம் இருந்தும் இல்லாத நிலைதான். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டு, செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு.

படி 3: சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது

இதைப் பற்றி மலையில் சுற்றும் வதந்திகள் அதிகம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம், எடுத்துப் போகலாம். எல்.ஆர்.எஸ். என்று சொல்லும் திட்டம் இதுதான். நம்மில் யாரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகப்போவதில்லை. நமக்கு உறைக்கிற எல்லை வேறு: நோட்டாகக் கொண்டுபோவது பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான். மிச்சம் கார்டில். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு இந்த நோட்டுக் கட்டுப்பாடு தளர்வு.

இந்திய ரூபாயாக 25,000 வரை கையில் கொண்டுபோகலாம். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் விதி வேறு. திரும்பி வரும்போது ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் வேண்டும் என்பதால் ஐயாயிரம் ரூபாயாவது பிரித்து வைத்திருங்கள். கோயம்புத்தூரில் நடு இரவில் இறங்கி, மேட்டுப்பாளையம் வரை டாக்ஸிக்குக் கொடுக்கக் கையில் திர்ஹாம் மட்டும் இருந்தவர் கதை எனக்குத் தெரியும்.

வரி விஷயம். நோட்டு, ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு எல்லாம் உங்கள் பான் எண்ணில் கூட்டிக்கொண்டே வரும். ஒரு நிதியாண்டில் அது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் சுற்றுலாச் செலவுக்கு டி.சி.எஸ்., அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் அந்த வரம்பு 7 லட்சம். வெளிநாட்டுக்குப் போய்க் கிரெடிட் கார்டில் செய்யும் செலவு இப்போதைக்கு இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆனால் டூர் பேக்கேஜ் வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். உண்டு, விகிதத்தை ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்த தொகை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். தாக்கல் செய்யாதவர்களுக்குத்தான் அது நஷ்டம்.

படி 4: எந்த நாணயத்தை இங்கே வாங்குவது, எதை அங்கே மாற்றுவது

அதிகம் பணம் வீணாகும் இடம் இதுதான்.

அமெரிக்க டாலர், யூரோ, பவுண்டு, சிங்கப்பூர் டாலர், திர்ஹாம் இவை நம் ஊரில் நன்றாகப் புழங்குபவை. இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மலேசிய ரிங்கிட், தாய் பாட் கொஞ்சமாக இங்கே, மிச்சம் அங்கே. வியட்நாம் டாங், இந்தோனேசிய ரூபியா, இலங்கை ரூபாய் இவற்றை இங்கே தேடி அலைய வேண்டாம். கிடைத்தாலும் ரேட் கசக்கும். அமெரிக்க டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள்.

துபாய் போகிறவர்கள் "டாலரா திர்ஹாமா" என்று ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், அது அசைவதில்லை. டாலர் வாங்கி அங்கே போய் மாற்றினால் இரண்டு இடத்தில் கழிவு போகும், அவ்வளவுதான். நேராகத் திர்ஹாம் வாங்கிவிடுவது உத்தமம். கூடலூர்க்காரர்கள் நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் விமான நிலையம் போகிறவர்கள். வளைகுடாப் பணம் புழங்கும் மலப்புறம் வழியில் இருப்பதால், இதில் குன்னூர்க்காரர்களைவிட அவர்களுக்கு வசதி அதிகம்.

டாலர் நோட்டைப் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல், ரப்பர் முத்திரை இருந்தால் ஆசிய நாடுகளில் பல கடைகளில் வாங்க மாட்டார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். தலை சிறிதாக இருக்கும் பழைய டாலர் நோட்டுக்கும் அதே கதி. 100 டாலர் நோட்டுக்குத்தான் நல்ல ரேட் கிடைக்கும். ஆனாலும் இறங்கியவுடன் சின்னச் செலவுக்கு இரண்டு மூன்று பத்து, இருபது நோட்டுகள் வைத்திருங்கள்.

படி 5: வாங்குகிற நாள்

நம் மலையில் எல்லா வங்கிக் கிளையிலும் வெளிநாட்டு நோட்டு கிடைக்காது. கிளைக்கு முன்பே சொல்லிவைத்தால் வரவழைத்துத் தரக்கூடும். ஒரு வாரமாவது முன்னால் கேளுங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூர்தான். கொடைக்கானல்காரர்களுக்கு மதுரை. விமானத்துக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றித்தான் இறங்க வேண்டும். கடை பூட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கடை தவறினால் விமான நிலையக் கவுன்டர்தான் கதி. அங்கேதான் கழிவு மிக அதிகம். சனி, ஞாயிறும் வேண்டாம். சந்தை மூடியிருக்கும் நாட்களில் விற்பவர்கள் ரேட்டில் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்கள்.

ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கடையா என்று பாருங்கள். உரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கேட்பார்கள், அன்னியச் செலாவணி வாங்குவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இதெல்லாம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். 50,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால் மட்டும் ரொக்கம் கொடுக்கலாம். அதற்கு மேல் வங்கி வழியாகத்தான். பயணம் நின்றுபோனால், வாங்கிய 60 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று கடைகளுக்குப் போன் செய்து அந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள். முன்பு சொன்ன 1,000 சிங்கப்பூர் டாலர் கணக்கையே எடுங்கள். நடு விலை 70. நல்ல கடை 71.20 சொன்னால் 71,200 ரூபாய், ஜி.எஸ்.டி. 128 ரூபாய். விமான நிலையத்தில் 75 சொன்னால் 75,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 135. எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் பிசகு எங்கே என்று தெரியும். ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் ஜி.எஸ்.டி. 0.18 சதவீதம்தான், குறைந்தது 45 ரூபாய். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். உதைப்பது ரேட்டுதான். எண்ணிப் பார்த்து ரசீதோடு வாங்குங்கள். அந்த ரசீது திரும்பி வரும்போதும் வேண்டும்.

படி 6: பணத்தைப் பிரித்து வைப்பது

கையிருப்பு மூன்று இடத்தில், கார்டு இரண்டு இடத்தில். ஒரு கார்டு பர்ஸில், இன்னொன்று கூட வருகிறவரிடம். வங்கியின் உதவி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், போனில் மட்டும் வேண்டாம். பின் எண்ணை எங்கேயும் எழுதாதீர்கள்.

எங்கள் அத்தை ஸ்வெட்டருக்கு உள்ளே பை தைத்து 400 டாலர் வைத்தார். குன்னூர் குளிருக்கு அருமையான யோசனை. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கினால் வேர்த்துக் கொட்டுகிறது. ஸ்வெட்டரைக் கழற்றித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, வேன் வரும்வரை கதை பேசிக்கொண்டிருந்தார். பணம் போகவில்லை, நல்ல காலம். மலைக்காரர்கள் பணத்தை உடம்போடு வைக்க வேண்டிய இடம் ஸ்வெட்டர் அல்ல.

படி 7: போய் இறங்கிய பிறகு

கடையில் கார்டைக் கொடுத்ததும் இயந்திரத்திலோ விற்பவர் வாயாலோ ஒரு கேள்வி வரும்: "இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா?" நம் மனம் உடனே ரூபாய் என்று சொல்லும், தெரிந்த காசு என்பதால். சொல்லாதீர்கள். ரூபாய் என்றால் அந்தக் கடையின் வங்கி தன் விருப்பத்துக்கு ஒரு ரேட் போட்டுக்கொள்ளும். அது நம் கார்டு போடும் ரேட்டைவிட மோசமாகத்தான் இருக்கும். அதோடு போகாது, வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை என்று நம் வங்கியும் சில சமயம் கட்டணம் பிடிக்கும். சிங்கப்பூரில் ஒரு கடையில் என்னைக் கேட்காமலே விற்பவர் ரூபாயை அழுத்திவிட்டார். பில்லில் ரூபாய் எண்ணைப் பார்த்ததும் ரத்து செய்து மறுபடி தேய்க்கச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனாலும் செய்தார். கையெழுத்துப் போடும் முன், பின் அழுத்தும் முன், எந்த நாணயம் என்று பாருங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். அங்கே ரேட்டைக் காட்டி "ஏற்கிறீர்களா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பணம் வரும், நம் வங்கி ரேட்டில் வரும்.

ஏ.டி.எம்.மில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நஷ்டம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் வாக்கில் பிடிப்பார்கள், 1,000 பாட் எடுத்தாலும் அதே, 20,000 எடுத்தாலும் அதே. ஜப்பானில் எல்லா இயந்திரமும் நம் கார்டை ஏற்காது. செவன் இலெவன் கடைக்குள் இருக்கும் ஏ.டி.எம். ஏற்கும். பின் எண் தவறினால் மூன்றாவது முறை முயலாமல் நிறுத்துங்கள்.

சிங்கப்பூருக்குக் கையிருப்பு அதிகம் தேவையில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் நம் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே போகலாம். வெளிநாட்டுக் கார்டுக்கு நாளுக்கு 60 சிங்கப்பூர் சென்ட் மாதிரி ஒரு கட்டணம் சேரும். தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சில்லறை வேண்டும். ரூபாயை மாற்ற வேண்டியிருந்தால் லிட்டில் இந்தியாவில் முஸ்தபா பக்கம், மற்ற நாணயங்களுக்கு ராஃபிள்ஸ் பிளேஸில் ஆர்கேட் கட்டடம். வரிசையாக மாற்றுக் கடைகள், பலகையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் கையில் கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது சுழியை எண்ணுங்கள்.

இலங்கை பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் ஆட்கள் அங்கேதான் அதிகம் போகிறார்கள். இறங்கியதும் வருகைக் கூடத்திலேயே வங்கிக் கவுன்டர்கள் வரிசையாக இருக்கும். மற்ற நாட்டு விமான நிலையங்கள் போல இங்கே பயப்பட வேண்டியதில்லை. வங்கிகளுக்குள் போட்டி இருப்பதால் ரேட் பரவாயில்லை. இரண்டு மூன்று கவுன்டர் பார்த்து மாற்றுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள், மிஞ்சிய இலங்கை ரூபாயைத் திரும்ப டாலராக்க அதைக் கேட்பார்கள். 5,000 ரூபாய் நோட்டாகவே கொடுப்பார்கள். பாதியை 500, 1,000 என்று கேளுங்கள். அட்டன் பஸ் நிலையத்தில் தேநீருக்கு 5,000 நீட்டினால் கடைக்காரர் உங்களையும் நோட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். 2024 பிப்ரவரியிலிருந்து யு.பி.ஐ. அங்கே சில கடைகளில் ஓடுகிறது, லங்கா கியூ.ஆர். குறி ஒட்டியிருக்க வேண்டும், நம் ஆப்பில் பன்னாட்டு வசதியைத் திறந்திருக்கவும் வேண்டும். கொழும்புப் பெரிய கடைகளில் முயன்று பாருங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, பக்கத்துக் கடையில் சல்லிதான்.

அந்தச் சொல்லிலேயே ஒரு குழப்பமும் உண்டு. மாமா மகள் முதல் நாளே கேட்டாள், "அண்ணே, சல்லி மாத்திட்டீங்களா?" சில்லறை கேட்கிறாள் என்று நினைத்துப் பையிலிருந்து இரண்டு நாணயம் எடுத்து நீட்டினேன். அங்கே சல்லி என்றால் பணமே.

படி 8: உறவுக்காரர் தரும் சுலப வழி

இது எல்லாக் குடும்பத்திலும் வரும். "ஏன் மாமா வங்கிக்குப் போய் மாத்துறீங்க? இங்க செலவுக்கு நான் தர்றேன், நீங்க ஊர்ல எங்கம்மாகிட்ட ரூபாயா கொடுத்துடுங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சொந்தக்காரர் நம்மைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போடுவதில் தவறில்லை. ஆனால் அங்கே வாங்கி இங்கே ஈடுகட்டுவது ஃபெமா எனும் அன்னியச் செலாவணிச் சட்டத்துக்கு எதிரானது. நாடு தாண்டும் கொடுக்கல் வாங்கல் உரிமம் பெற்ற வழியில்தான் நடக்க வேண்டும். இலங்கையில் இதன் பெயர் உண்டியல், கூடலூர்ப் பக்கம் குழல்பணம். நாம் ஐந்தாயிரத்துக்குச் செய்வதைத்தான் பெரிய ஆட்கள் கோடிக்குச் செய்கிறார்கள். அம்மாவுக்கு வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். நம் செலவு நம் கார்டில் இருக்கட்டும். முகம் கோணாமல் மறுக்க என்னிடம் ஒரு வாக்கியம் உண்டு: "கணக்குல வரலைன்னா ஆடிட்டர் திட்டுவாருப்பா." ஆடிட்டர் இல்லாதவர்களும் சொல்லலாம்.

படி 9: கார்டு தொலைந்தால், தெரியாத கழிவு வந்தால்

முதலில் ஆப்பில் கார்டை முடக்குங்கள், பிறகு வங்கிக்குப் பேசுங்கள், புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ செய்த மோசடியை வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைதான். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். குறுஞ்செய்தி பார்க்கத்தானே ரோமிங் போட்டோம், தினமும் ராத்திரி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 10: திரும்பும்போது

உலோகக் காசுகளை மாற்றுக் கடைகள் பெரும்பாலும் வாங்குவதில்லை. கடைசி நாளில் அவற்றைத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். ஜப்பானின் 500 யென் நாணயம் நல்ல மதிப்புள்ளது, டப்பாவில் போட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டு நோட்டாக 5,000 டாலர் மதிப்புக்கு மேலோ, எல்லாம் சேர்த்து 10,000 டாலர் மதிப்புக்கு மேலோ கொண்டுவந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மிச்சத்தில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய கடையிலேயே திரும்ப விற்பதானால் ரசீதைக் காட்டி ரேட் பேசலாம். மிச்சம் அந்த 2,000 டாலர் மதிப்புக்குள் இருந்து, இரண்டு வருடத்தில் மறுபடி போவீர்கள் என்றால் விற்க வேண்டாம். விற்கும்போது ஒரு கழிவு, மறுபடி வாங்கும்போது ஒரு கழிவு.

ஹோட்டல் டெபாசிட் திரும்பியதா என்று அடுத்த மாத அறிக்கையில் பாருங்கள். வெளிநாட்டுச் சுவிட்சை மூடுவதற்கு மட்டும் வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்காதீர்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் ஆப்பைத் திறந்து மூடிவிடுங்கள். பர்லியாறு தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.